பக்கத்து வீட்டு வேலித் தாத்தாவும் அவரோட உலக அரசியலும்

பதிவு 1 | வேலியோரம் (மெல்பர்ன்)

இன்னைக்கு 2025 நவம்பர் 11. ராத்திரி குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிட்டுத் திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தார். "இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?"ன்னு கேட்டார். போர் நினைவு நாள், காலையில 11 மணிக்கு ஆபீஸ்ல ஒரு நிமிஷம் எழுந்து நின்னோம்னேன். "அதுவும்தான். ஆனா அம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே நாள் மத்தியானம் எங்க பிரதமரை வீட்டுக்கு அனுப்பினாங்க"ன்னார். அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம். வீட்டுக்குள்ள போனப்ப என் தோசை தோல் மாதிரி ஆகியிருந்தது.

இவரைப் பத்தி ரொம்ப நாளா இங்க எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். வடக்கு மெல்பர்ன், தாமஸ்டவுன் பக்கம். 1946 ஏப்ரல்ல பிறந்தவர். கார் தொழிற்சாலையில முப்பது வருஷத்துக்கு மேல வெல்டிங். வந்த முதல் நாளே பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிட்டார். எழுபது தாண்டின மனுஷரை எப்படிங்க பேர் சொல்றது? ஒரு வருஷம் 'ஹலோ'வை வச்சே ஒப்பேத்தினேன். என் பசங்க 'வேலித் தாத்தா'ன்னு பேர் வச்சதும் பிரச்சினை தீர்ந்தது. அர்த்தம் கேட்டார், சொன்னேன், சிரிச்சார்.

1975 கதை தெரியாதவங்களுக்கு: விட்லம் பிரதமர், தொழிற்கட்சி. மேலவையில எதிர்க்கட்சி பட்ஜெட்டை நிறுத்தி வச்சுட்டுத் தேர்தல் கேட்குது. ராணியோட பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், விட்லமே பரிந்துரை பண்ணி உட்கார வச்ச ஆள், நவம்பர் 11 மத்தியானம் அவரையே டிஸ்மிஸ் பண்ணிட்டு எதிர்க்கட்சித் தலைவர் ஃப்ரேசரைக் காபந்து பிரதமர் ஆக்கிட்டார். டிசம்பர் 13ல தேர்தல், ஃப்ரேசருக்கு அமோக வெற்றி. தாத்தா அன்னைக்கு ஷிஃப்ட்ல இருந்தாராம். டிரான்சிஸ்டர் வச்சிருந்த ஒருத்தன் கத்தினதும் மெஷினெல்லாம் நின்னு போச்சாம். "என் மனைவி அந்தத் தேர்தல்ல ஃப்ரேசருக்குத்தான் போட்டா. எங்கிட்ட அதைச் சொன்னது 1983ல, தொழிற்கட்சியோட ஹாக் ஜெயிச்சப்புறம்"னார். ஏன் மறைச்சாங்கன்னு கேட்டேன். "சோறு கிடைக்கணுமே, எனக்கு இல்ல, அவளுக்கு. அப்ப நான்தான் ஞாயித்துக்கிழமை சமைப்பேன்."

சரி, இவ்வளவு கோபம் இருக்கிறவர் 1999ல குடியரசு ஆகலாமான்னு நாடே ஓட்டுப் போட்டப்ப 'ஆமாம்'னுதானே போட்டிருக்கணும்? 'இல்லை'ன்னு போட்டாராம். ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்க மாட்டாங்க, பாராளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கும்னு அந்தத் திட்டத்துல இருந்தது. "ஒரு கெரை எடுத்துட்டு இன்னொரு கெரை வைக்க நான் எதுக்குப் பேனா பிடிக்கணும்?"

இவரை வலதுன்னோ இடதுன்னோ ஒரு டப்பாவுல போட முடியாது. நாலு வருஷமா கேட்டு எனக்குப் புரிஞ்சது இதுதான்: எந்த நாட்டு விவகாரமா இருந்தாலும் அவர் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு. யார் வீட்டுப் பையன் போகப் போறான்? அது வந்த இடம் 1966.

வியட்நாம் போருக்காக இங்க குலுக்கல் முறையில ஆள் எடுத்தாங்க. 20 வயசான பையன் எல்லாரும் பேரைப் பதியணும். ஒவ்வொரு பிறந்த தேதிக்கும் ஒரு மரக் குண்டு, நம்ம கோலிக்குண்டு மாதிரி. பீப்பாய்ல போட்டு உருட்டி எடுப்பாங்க. உன் தேதி வந்தா ரெண்டு வருஷம் ராணுவம். 1965லருந்து 1972 வரைக்கும் 63 ஆயிரத்துக்கும் மேல பேரை இப்படி எடுத்து, 15 ஆயிரத்துக்கும் மேல பேரை வியட்நாம் அனுப்பினாங்க. இருநூறு பேர் அளவுக்குத் திரும்பி வரலை. தாத்தாவோட தேதி வரலை. அதே பெஞ்சுல வேலை பார்த்தவன் இவருக்கு ரெண்டு நாள் இளையவன். அவன் தேதி வந்தது. போனான், வந்தான். "வந்தவன் போனவன் இல்ல"ங்கிறதோட அந்தப் பேச்சை நிறுத்திடுவார். நானும் மேல கேட்டதில்ல.

இதுல அவருக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒண்ணு. 1966 நவம்பர்ல நடந்த தேர்தல் முழுக்க இந்தப் போரைப் பத்தினது. அவருக்கு வயசு 20. படைக்கு எடுக்க 20 போதும், ஓட்டுப் போட 21 ஆகணும்! ஹரால்ட் ஹோல்ட் பெரிய மெஜாரிட்டியில ஜெயிச்சார். அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனோட கடைசி வரைக்கும் போவோம்னு சொன்ன பிரதமர். மறு வருஷம் டிசம்பர்ல கடல்ல நீந்தப் போய்க் காணாமப் போனார், உடம்பே கிடைக்கலை. அவர் நினைவா மெல்பர்ன்ல என்ன கட்டி வச்சிருக்காங்கன்னு நினைக்கிறீங்க? நீச்சல் குளம். நான் நம்பாம கார் எடுத்துட்டுப் போய்ப் போர்டைப் பார்த்துட்டு வந்தேன்.

அணுசக்தி நீர்மூழ்கி ஒப்பந்தம், அதான் ஆகஸ், பத்தியும் இதே கணக்குத்தான். 2050கள் வரைக்கும் 368 பில்லியன் டாலர் வரைக்கும் ஆகும்னு அரசாங்கமே சொல்லுது. அமெரிக்காவுலேர்ந்து மூணு கப்பல் 2030கள்ல, அப்புறம் அடிலெய்டுல கட்டுறது 2040கள்ல. "நான் அதைப் பார்க்கப் போறதில்ல, அது பரவாயில்ல. உள்ள உட்காரப் போற பையன் இன்னும் பிறக்கலை. அவன்கிட்ட யார் கேட்டா?"

உங்களுக்கு ஏதாவது கேட்கணும்னா இங்க எழுதுங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டி தள்ளும்போது கேட்டுச் சொல்றேன்.


பதிவு 2 | மாம்பலத்தான் (சென்னை)

சுவாரஸ்யமா இருக்கு சார். 1975 கதையைப் படிச்சா நமக்கு ஆச்சரியமே வரலை பாருங்க. அது முடிஞ்சு மூணு மாசம்கூட ஆகலை, 1976 ஜனவரி 31ல இங்க கலைஞர் ஆட்சியைக் கலைச்சாங்க. நமக்கு அதெல்லாம் காபி குடிக்கிற மாதிரி. அங்க ஒரே ஒரு தடவை நடந்ததை அம்பது வருஷமா ஞாபகம் வச்சிருக்காங்கன்னா பாவம், பழக்கமில்லை.

ரெண்டு கேள்வி. ஓட்டுப் போடலைன்னா அபராதமாமே, நிஜமா? ரெண்டாவது, பெரியவர் கிரிக்கெட் பார்ப்பாரா? 2023 நவம்பர் 19, அகமதாபாத், உலகக் கோப்பை ஃபைனல். அதைப் பத்தி ஏதாவது சொன்னாரா? (சொல்லியிருந்தா இங்க எழுதாதீங்க.)


பதிவு 3 | வேலியோரம்

நிஜம்தான். 1924லேர்ந்து மத்தியத் தேர்தல்ல ஓட்டு கட்டாயம். சரியான காரணம் சொல்லாம விட்டா 20 டாலர். எப்பவும் சனிக்கிழமை. பள்ளிக்கூட வாசல்ல ரொட்டியில சாசேஜ் வச்சு விப்பாங்க, காசு பள்ளிக்கூட நிதிக்கு. தாத்தாவுக்கு அதுல அரசியலைவிடக் கடுமையான கருத்து உண்டு, வெங்காயம் சாசேஜுக்கு மேலயா கீழயான்னு. அவர் மேலதான்.

ஓட்டு விஷயத்துல ஒண்ணு கவனிச்சேன். எல்லாத்தையும் பேசுவார், 2023ல பூர்வகுடிகள் சார்பா ஆலோசனை சொல்ல 'குரல்'னு ஒரு அமைப்பு வேணுமான்னு நடந்த பொது வாக்கெடுப்புல என்ன போட்டார்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறார். 60 சதவீதம் பேர் வேண்டாம்னு சொன்ன ஓட்டு. அவர் வாழ்க்கையில முதன்முதல்ல போட்ட ஓட்டே 1967 மே மாசம், பூர்வகுடிகளையும் ஜனத்தொகைக் கணக்குல சேர்க்கிறதுக்கான வாக்கெடுப்புலதான். அது 90 சதவீதத்துக்கு மேல ஆமாம். அதைப் பெருமையா சொல்வார். 2023ஐக் கேட்டா, "ரகசிய ஓட்டுன்னு ஒண்ணை 1856லயே நடத்திக் காட்டினது இந்த விக்டோரியா. அதை மதி"ன்னுட்டு உள்ள போயிடுவார்.

கிரிக்கெட்: அகமதாபாத் பத்தி என்கிட்ட வாயே திறக்கலை. அடுத்த நாள் என் தொட்டியையும் சேர்த்து உள்ள இழுத்து வச்சிருந்தார், அனுதாபம் போல. நாட்டை நினைச்சு வெட்கப்பட்ட நாள் ரெண்டுன்னு சொல்வார். ஒண்ணு 1975 நவம்பர் 11. இன்னொண்ணு 1981 பிப்ரவரி 1, கடைசிப் பந்துல நியூசிலாந்துக்காரன் சிக்ஸர் அடிச்சிடக் கூடாதுன்னு டிரெவர் சாப்பல் பந்தைத் தரையில உருட்டி விட்டாரே, அது.


பதிவு 4 | பரமட்டா பொண்ணு (சிட்னி)

தாத்தா அழகா இருக்கார், சரி. நான் கொஞ்சம் சர்க்கரையைக் குறைக்கிறேன்.

வீடு பத்திக் கேட்டீங்களா? பந்தயம் கட்டுறேன், "எங்க காலத்துல வட்டி 17 சதவீதம்"னு சொல்லியிருப்பார். இந்த ஊர்ல அந்த வயசு ஆட்கள் எல்லாருக்கும் அது மந்திரம். ஆமா, 1990ஐ ஒட்டி 17 சதவீதம் இருந்தது, யாரும் மறுக்கலை. எதுக்கு 17? அப்ப வாங்கின கடன் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு? நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சிட்னியில ஒரு மில்லியனுக்குக் கீழ தோட்டத்தோட ஒரு வீடு தேடித் தரச் சொல்லுங்க உங்க தாத்தாவை. அதுல குடி வச்சு, அந்த 17 சதவீதத்தையும் நானே கட்டுறேன்.

அடுத்தது, முக்கியமானது. ஆகஸ்ட் 31 ஊர்வலம். குடியேற்றத்துக்கு எதிரா நாடு முழுக்க நடந்ததே. அதோட துண்டுப் பிரசுரத்துல இந்தியர்களைப் பேர் சொல்லியே எழுதியிருந்தாங்க. அஞ்சு வருஷத்துல வந்த இந்தியர்கள், நூறு வருஷத்துல வந்த கிரேக்கர் இத்தாலியரைவிட அதிகமாம். அன்னைக்கு நாங்க பசங்களை வெளிய கூட்டிட்டுப் போகலை. பரமட்டா ரோட்டுல இருக்கிற கோயிலுக்குக்கூடப் போகலை. உங்க தாத்தா அன்னைக்கு எங்க இருந்தார்?


பதிவு 5 | வேலியோரம்

17 சதவீதம் சொன்னார். பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க.

ஊர்வலத்துக்குப் போகலை. ஆனா நீங்க கேட்கிறது அது இல்லன்னு தெரியும். ஒளிக்காம எழுதிடறேன். குடியேற்றம் ரொம்ப அதிகம்ங்கிறதுதான் அவர் கருத்து. என் மூஞ்சிக்கு நேரா, வேலியில கையை ஊன்றிக்கிட்டே சொல்வார். 2022-23ல மட்டும் நிகரமா அஞ்சு லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, வீடு எங்க, டாக்டர் எங்க, ரயில் எங்கன்னு. சொல்லிட்டு உடனே, "உன்னைச் சொல்லலை, மேட்."

அந்த 'உன்னைச் சொல்லலை'யை இங்க இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. முதல்ல கேட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்தது. ரெண்டாவது தடவை உறுத்துச்சு. மூணாவது தடவை கேட்டேன், "அப்ப யாரைச் சொல்றீங்க? என் தம்பியையா? அவன் விசாவுக்குப் போட்டிருக்கான்." பதில் வரலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "உன் தம்பிக்கு என்ன வேலை?"ன்னு கேட்டார். நர்ஸ்னு சொன்னேன். "அப்ப அவனையும் இல்ல"ன்னார்.

இதுல வேடிக்கை என்னன்னா அவர் மனைவி இத்தாலி, கலாப்ரியா பக்கம். 1968ல கல்யாணம். தாத்தாவோட அப்பா கல்யாணத்துக்கு வரலையாம், பூண்டு வாசனைக்காரங்க வீட்டுச் சம்பந்தம் வேண்டாம்னு. தொழிற்சாலையில இத்தாலி, கிரேக்கம், மால்டா, துருக்கின்னு எல்லா ஊர் ஆளும் இருந்திருக்காங்க. அவங்களைக் கூப்பிட்ட கேவலமான பேரை இவரும்தான் சொல்லிக் கூப்பிட்டிருக்கார். மறைக்கலை. "எனக்கு வெட்கம் வர ஒரு பொண்ணு தேவைப்பட்டா"ன்னார்.

அப்படின்னா இன்னைக்கு ஏன் இப்படிப் பேசறீங்கன்னு கேட்டேன். அப்ப வந்தவனுக்கெல்லாம் ஃபேக்டரி இருந்தது, வந்த மறு வாரம் வேலை, ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு முன்பணம்ங்கிறார். 2016ல ஃபோர்டு மூடினான், 2017 அக்டோபர்ல டொயோட்டாவும் ஹோல்டனும் மூடினாங்க, அதோட இந்த நாட்டுல பெரிய அளவுல கார் செய்யறதே முடிஞ்சது. கதவை மூடிட்டு ஆளை மட்டும் கூப்பிடறாங்க, அது வந்தவன் தப்பு இல்ல, கூப்பிட்டவன் தப்புங்கிறது அவர் வாதம். பாதி ஒத்துக்கிறேன். மீதிப் பாதியில அந்தத் துண்டுப் பிரசுரம் ஒட்டிக்கிட்டிருக்கு. அதையும் அவர்கிட்ட சொல்லியிருக்கேன்.


பதிவு 6 | பரமட்டா பொண்ணு

"நர்ஸா? அப்ப அவனையும் இல்ல." இதை ஃபிரேம் போட்டு மாட்டணும். நாம வேலைக்கு ஆகிற வரைக்கும் நம்மைச் சொல்லலை. எங்க அம்மா ஊர்லேர்ந்து வந்து என்கூட இருக்கணும்னு பெற்றோர் விசாவுக்குப் போட்டிருக்கேன். அவங்க நர்ஸ் இல்ல. இட்லி நல்லா பண்ணுவாங்க.

பொய் சொல்லாம எழுதினதுக்கு நன்றி.


பதிவு 7 | டார்வின் வெயில் (டார்வின்)

ரெண்டு வரி என் பங்குக்கு. சீனா பத்தித் தாத்தா என்ன சொல்றார்? எங்க ஊர்ல அது தினப்படி பேச்சு. 2015ல வட பிரதேச அரசு டார்வின் துறைமுகத்தை ஒரு சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது, 506 மில்லியன் டாலருக்கு. பக்கத்துல அமெரிக்க மரைன் வீரர்கள் வருஷா வருஷம் வந்து பயிற்சி எடுத்துட்டுப் போறாங்க. இந்த ஆண்டு தேர்தல்ல ரெண்டு கட்சியும் துறைமுகத்தைத் திரும்ப வாங்குவோம்னு சொன்னாங்க. 1942 பிப்ரவரி 19ல ஜப்பான்காரன் குண்டு போட்டு இங்க 230 பேருக்கு மேல செத்த ஊர் இது. தெற்கே மெல்பர்ன்ல உட்கார்ந்து பேசறவங்களுக்கு ஆசியா டிவியில இருக்கு. எங்களுக்கு ஜன்னல்ல இருக்கு.


பதிவு 8 | கடலோடி (டண்டினோங்)

நான் இந்தக் களத்தில எழுதுறது குறைவு. வாசிக்கிறனான்.

அந்த ஐயா வியட்நாம் பற்றிச் சொன்னதை வாசிக்கேக்க ஒண்டு கேக்க வேணும் போல இருந்தது. 1976ல முதல் வியட்நாம் படகு டார்வினுக்கு வந்தது. அதுக்குப் பிறகு ஃப்ரேசர் காலத்தில ஆயிரக்கணக்கில வியட்நாம் சனத்தை எடுத்தவை. அதைப் பற்றி ஐயாவின்ர நினைப்பு என்ன? பிறகு இலங்கையில இருந்து வந்த எங்கட படகுகளைப் பற்றி என்ன நினைக்கிறார்? மறைக்காமல் சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் கேக்காத கதையா.


பதிவு 9 | களப் பொறுப்பாளர்

காசா தொடர்பாக எழுதப்பட்ட ஏழு பின்னூட்டங்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அது முக்கியமில்லை என்பதால் அல்ல. ஏழாவது பின்னூட்டத்தில் இருவர் ஒருவரையொருவர் குடும்பத்தோடு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த இழை தாத்தாவுடையது.


பதிவு 10 | வேலியோரம்

செவ்வாய்க்கிழமை வந்துட்டுப் போயிட்டது. இந்தத் தடவை பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். பேப்பரைப் பார்த்து, "யூனியன் கோரிக்கை மாதிரி இருக்கே"ன்னார். முழுசாக் கேட்டார். ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதறேன்.

சீனா: பயம் இல்லை, எரிச்சல் இருக்கு, அதுவும் நம்ம ஆட்கள் மேலதான். "நம்ம மண்ணை இரும்புத் தாதுன்னு விக்கிறோம், அதை வாஷிங் மெஷினா திரும்ப வாங்கறோம். நடுவுல நான் செஞ்சுக்கிட்டிருந்த வேலை எங்கயோ விழுந்துடுச்சு." 2020ல பார்லிக்கும் வைனுக்கும் சீனா வரி போட்டப்ப இங்க பெரிய கூச்சல். 2024 மார்ச்ல வைன் வரியை எடுத்தாங்க. அதுக்கெல்லாம் போர்னு பேசறவங்களைக் கண்டா ஆகலை அவருக்கு. துறைமுகம் விஷயத்துல டார்வின் வெயிலோட ஒரே கட்சி: குத்தகைக்கு வாங்கினவனைத் திட்டறதுக்கு முன்னாடி விட்டவனைக் கேளுங்கிறார். இந்த 'கூப்பிட்டவன், விட்டவன்' கணக்குத்தான் அவருக்கு எல்லாத்துக்கும்.

டிரம்ப்: வாயைத் திறக்கும் முன்னாடியே சிரிப்பு. ஏப்ரல்ல எல்லா நாட்டுக்கும் வரி அறிவிச்சப்ப பட்டியல்ல ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகளும் இருந்தது ஞாபகம் இருக்கா? அண்டார்டிகா பக்கம், ஆளே கிடையாது, பென்குவினும் சீலும்தான். அதுக்கும் 10 சதவீதம். நார்ஃபோக் தீவுக்கு 29. "பென்குவின் என்ன தப்பு பண்ணுச்சுன்னு இன்னும் யாரும் விளக்கலை"ங்கிறார். ஆனா சிரிப்பு நின்னதும் ஒண்ணு சொன்னார். கொரியா, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான்னு அமெரிக்கா போன இடத்துக்கெல்லாம் நாம போனோம், அதுக்குக் கிடைச்ச தள்ளுபடி பென்குவினுக்குக் கிடைச்ச அதே பத்து சதவீதம். ஈராக் போருக்கு எதிரா 2003 பிப்ரவரியில மெல்பர்ன் தெருவுல நடந்திருக்கார், மனைவியோட. அந்த அம்மா நடந்த ஒரே ஊர்வலம் அதுவாம். கால் வலிக்குதுன்னு பாதியில ஒரு காபிக் கடையில உட்கார்ந்துட்டாங்களாம்.

16 வயசுக்குக் கீழ சமூக ஊடகத் தடை டிசம்பர் 10லேர்ந்து வருதே, அதை ஆதரிப்பார்னு நினைச்சேன். அவர் பேத்திக்கு வயசு 13. இல்லையாம். அவர் அப்பா காலத்துல விக்டோரியாவுல சாராயக் கடையை சாயங்காலம் ஆறு மணிக்கு மூடணும்னு சட்டம். 1966 வரைக்கும் இருந்தது. நல்ல எண்ணத்துலதான் போட்டாங்க, ஆம்பளைங்க வீட்டுக்குப் போகட்டும்னு. நடந்தது என்ன? வேலை விட்டு வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எவ்வளவு ஊத்த முடியுமோ ஊத்திக்கிட்டு ஆறு மணிக்கு எல்லாரும் ஒண்ணாத் தெருவுல விழுந்தாங்க. கடைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டி வச்சிருந்ததே கழுவறதுக்கு வசதியாத்தானாம். "பதினஞ்சு வயசு பதினொரு மாசத்துப் பிள்ளைங்க என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்"ங்கிறார். கம்பெனிகளுக்கு 49.5 மில்லியன் வரைக்கும் அபராதம்ங்கிறதை மட்டும் பிடிச்சிருக்காம். அப்பவும் சாராயக் கம்பெனிக்கு அபராதம் போட்டிருக்கணும்ங்கிறார்.

அப்புறம் அன்றாடப் புலம்பல்கள். எங்க தெருவுல இப்ப நாலு தொட்டி. சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி, கண்ணாடிக்குன்னு ஊதா மூடி. "நான் ஒருத்தன் இருக்கேன், எனக்கு நாலு தொட்டி. ஆறு பேர் இருந்த காலத்துல ஒரு தகர டின்." பேங்க் கிளையை மூடிட்டாங்க, அடுத்தது ரெண்டு பஸ் மாறிப் போகணும். 2029க்குள்ள செக்கும் போயிடும். பேத்திக்குப் பிறந்த நாளுக்குக் கார்டுல செக் வச்சு அனுப்பறது பழக்கம், இனி என்ன வைக்கிறதுன்னு கேட்கிறார். பணம் வைங்கன்னேன். தபால்ல பணம் வைக்கக் கூடாதுன்னு இவரோட அம்மா சொல்லியிருக்காங்களாம்.

மெடிகேர், அதான் அரசு மருத்துவக் காப்பீடு, அதைப் பத்தி மட்டும் ஒரு குறை கிடையாது. விட்லம் 1975ல மெடிபேங்க்னு ஆரம்பிச்சு, ஃப்ரேசர் பிச்சுப் போட்டு, ஹாக் 1984ல மெடிகேர்னு திரும்பக் கொண்டு வந்தது. மனைவிக்குக் கடைசி எட்டு மாசம் அரசு ஆஸ்பத்திரி. வந்த பில்லைக் காட்டினார், பத்திரமா வச்சிருக்கார். கார் பார்க்கிங் ரசீதுகள். அது மட்டும்தான் பில்.

பரமட்டா, உங்க சவாலைச் சொன்னேன். சிட்னியில வீடு தேட மாட்டாராம், சிட்னிக்கே போக மாட்டாராம். ஆனா கடன் கணக்கு சரிதான்னு ஒத்துக்கிட்டார். 1972ல அவர் வாங்கின வீடு மூணரை வருஷச் சம்பளம். 17 சதவீதம் வந்தப்ப பாதிக் கடன் அடைஞ்சிருந்தது. "ஆனாலும் பயமாத்தான் இருந்தது"ன்னு சேர்த்துக்கச் சொன்னார். சேர்த்துட்டேன்.

கடலோடி, உங்க கேள்வியைக் கடைசியா வச்சேன். வியட்நாம் ஆட்களைப் பத்தி: "நாம அவங்க ஊருக்குக் கூப்பிடாமலே போனோம். அவங்க இங்க வந்ததுல என்ன தப்பு?" அதுல ஒரு தயக்கமும் இல்லை. 2012-13 படகுகளைப் பத்திக் கேட்டதும் முகம் மாறுச்சு. கடல்ல செத்தவங்க கணக்கு, கடத்தல்காரங்களுக்குப் போன காசு, அதெல்லாம் சொல்லிட்டு, வரிசையில நின்னு வரணும்னார். மறைக்காம எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன்.


பதிவு 11 | கடலோடி

நன்றி அண்ணை. கோவம் இல்லை.

வரிசை எண்டு சொல்லுறவைக்கு நான் வழக்கமாச் சொல்லுறது, 2009க்குப் பிறகு வன்னியில வரிசை இருந்தது, சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும். விசாவுக்கு நாங்கள் காணேல்லை. ஆனா ஐயாவுக்கு அதைச் சொல்லாதேங்கோ. வேற ஒண்டு சொல்லுங்கோ.

என்ர அண்ணா வந்தது 2012 யூலை. நான் வந்தது 2012 நொவெம்பர். ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருந்து, ஒரே காரணத்துக்கு வெளிக்கிட்டனாங்கள். ஒரே படகில வர காசு காணாது, அதால அவர் முதல், நான் பிறகு. அரசாங்கம் 2012 ஓகஸ்ட் 13 எண்டு ஒரு திகதி போட்டது. அதுக்கு முதல் வந்தவர் எண்டபடியா அண்ணாவுக்கு நிரந்தர விசா கிடைச்சு, இப்ப சிட்டிசன். இந்த மே மாசம் வோட்டுப் போட்டவர். நான் திகதிக்குப் பிறகு. எங்களுக்கு வேற சட்டம், வேற விசாரணை, 2017 ஒக்டோபர் 1க்குள்ள விண்ணப்பிக்க வேணும் எண்டவை. என்ர விண்ணப்பம் தள்ளுபடி. 2023ல தற்காலிக விசாவில இருந்த கிட்டத்தட்ட 19 ஆயிரம் பேருக்கு நிரந்தரம் குடுக்கிறம் எண்டு சொல்லேக்க, தள்ளுபடியான நாங்கள் அதுக்குள்ள வரேல்லை. பதின்மூண்டு வருசமா பிரிட்ஜிங் விசா, இடைக்காலத்துக்கு எண்டு தாறது. டண்டினோங்கில கோழித் தொழிற்சாலையில வேலை. வரி கட்டுறன். அதே 2023ல 22 பெண்கள் மெல்பேணில இருந்து கன்பராவுக்கு நடந்து போனவை, எங்களை மாதிரி ஆக்களுக்காக. அதில ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவர், காலில கொப்புளத்தோட வந்தவர்.

மாம்பலத்தார் வோட்டுப் போடாட்டித் தண்டம் எண்டு ஆச்சரியப்பட்டார். அண்ணா போன முறை உள்ளூராட்சித் தேர்தலில மறந்துபோய்த் தண்டக் கடிதம் வந்தது. அவர் திட்டிக்கொண்டு கிழிக்கப் போக, நான் வாங்கி வாசிச்சன். என்ர பேரில ஒண்டு வந்தா நல்லா இருக்கும் எண்டு சொன்னன். அண்ணி அழுதிட்டா. பகிடியாத்தான் சொன்னனான்.

ஐயாவின்ர பீப்பாய்க்கும் எங்கட திகதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை மட்டும் சொல்லிப் பாருங்கோ.


பதிவு 12 | மாம்பலத்தான்

கடலோடி, அபராதத்தை ஆச்சரியமாக் கேட்டது நான்தான். நான் போன தேர்தல்ல க்யூ நீளம்னு திரும்பி வந்தவன். வேற ஒண்ணும் சொல்லத் தோணலை.


பதிவு 13 | பரமட்டா பொண்ணு

வேலியோரம், இதை அவர்கிட்ட படிச்சே காட்டுங்க. சுருக்காதீங்க.


பதிவு 14 | வேலியோரம்

செவ்வாய் வரைக்கும் காத்திருக்கலை. ஞாயித்துக்கிழமை காலையில அவர் தக்காளி நாத்து நட்டுட்டிருந்தார். மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் முடிஞ்சப்புறம்தான் நடணும்னு இங்க ஒரு கணக்கு, அவர் மனைவி சொல்லிக் கொடுத்தது. போனை வச்சுக்கிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு வரி வரியா இங்கிலீஷ்ல சொன்னேன். என் இங்கிலீஷுக்குக் கடலோடியோட தமிழ் சரியா வரலை, ரெண்டு இடத்துல திணறினேன்.

நடுவுல ஒரு தடவை நிறுத்தி, "ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு நாள்?"னு கேட்டார். நாலு மாசம்னேன். "எங்களுக்கு ரெண்டு நாள்"னார். அப்புறம் நாலு நாத்து நட்டு முடிக்கிற வரைக்கும் பேசலை. நானும் போகாம நின்னேன்.

எழுந்து, கையைக் கால்சட்டையில துடைச்சுக்கிட்டு, "வரிசைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், அதை எழுது"ன்னார். எழுதறேன்னேன். "வீட்டு விலையைப் பத்திச் சொன்னதை வாங்கலை. அதையும் எழுது."

ரெண்டையும் எழுதிட்டேன். கடலோடி, நீங்க டண்டினோங்ல எந்தத் தொழிற்சாலைன்னு கேட்டார், அங்க யூனியன் இருக்கான்னு. அது எனக்குத் தெரியலை. உள்பெட்டியில சொல்லுங்க.


பதிவு 15 | கடலோடி

யூனியன் இருக்கு அண்ணை. நான் மெம்பர்தான். கிழமைக்குக் கிழமை சம்பளத்தில கழிக்கினம்.